திண்ணை ஏறாத சீனி: செட்டிநாட்டு வீட்டு நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். காலை ஏழரை மணிக்கு, சீனி என்ற நாயை வளர்க்கும் வீட்டு ஆச்சியிடமிருந்து போன். "தம்பி, சீனி பேரனைக் கடிக்க வந்திருச்சு. நாலு வருசமா ஒண்ணும் பண்ணாத நாயி, இப்பக் குணம் கெட்டுப் போச்சு. தோப்புல கொண்டுபோய்க் கட்டிருவோம்னு அவுக சொல்றாக. நீங்க ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் காரைக்குடி வட்டாரத்தில் கால்நடை மருத்துவர். சீனியைக் குட்டியாக இருந்தபோதிலிருந்தே தெரியும். குணம் கெட்டுப் போச்சு என்ற புகாரோடு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து நாய்களைப் பார்க்கிறேன். அதில் பல நாய்களுக்கு எங்கேயோ வலிக்கிறது என்பதுதான் உண்மை. சீனியின் கதையை முழுதாக எழுத வீட்டார் சம்மதித்தார்கள். ஊரும் பெயரும் வேண்டாம் என்றார்கள்.

சீனியின் வளர்ப்பு

தாய் தெரு நாய். பின்கட்டு வாசலில் குட்டி போட்டது. தகப்பன் பக்கத்துத் தெருவில் இருந்த ராஜபாளையம் என்று ஊரே சொல்லும். சீனியைப் பார்த்தாலும் அது தெரியும்: சுண்ணாம்பு வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள், ஒரு காது மட்டும் தாயைப் போலப் பழுப்பு. எடை 19 கிலோ. ஆச்சியின் கணவர் ஐயா தபால்தலை சேர்ப்பவர். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அதை எடுத்துக் காட்டி, "இவுகதான் எங்க சீனியோட தகப்பனார்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

கலப்பு நாயின் குணத்தை இனத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் சீனியிடம் இரண்டு பக்கமும் உண்டு. ராஜபாளையத்துக்கு ஓரிருவரிடம்தான் ஒட்டுதல், புது ஆளைக் கண்டால் விலகி நின்று பார்க்கும். சீனிக்கு அந்த ஓரிருவர் ஆச்சியும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும். தெருநாய்க்கு மனிதர்களின் உடம்பை வாசிக்கத் தெரியும். யார் கல்லெடுக்கக் குனிகிறார், யார் செருப்பை மாட்டக் குனிகிறார் என்று பிரித்துப் பார்த்துவிடும். அதுவும் சீனியிடம் இருந்தது. கல்யாணத்துக்கு நூறு பேர் வந்தபோது, வளவின், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின், ஓரத்தில் தூணடியில் படுத்து, யார் காலிலும் படாமல் இரண்டு நாளைக் கழித்த நாய் அது.

வெள்ளை ராஜபாளையத்துக்குக் காது கேளாமை வரும் வாய்ப்பு உண்டு என்பதால், குட்டியாக இருந்தபோதே பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்திருந்தேன். இரண்டு காதும் கேட்டது. அந்த மே மாதமும் முதலில் அதைத்தான் திரும்பப் பார்த்தேன். காது கேட்காத நாய், தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். சீனி சாவிச் சத்தத்துக்குக் காதைத் திருப்பினாள். அப்படியானால் காரணம் வேறு.

முந்திய இரண்டு வாரம்

பேரனுக்கு ஏழு வயது. சென்னையிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த நாளிலிருந்து சீனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் போன் வந்ததற்கு முந்தின இரவு, ஆத்தங்குடித் தரைக்கல் மேல் படுத்திருந்த சீனியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து முகத்தை அவள் முதுகில் வைத்திருக்கிறான். சீனி திரும்பி வாயைப் போட்டுவிட்டாள். பல் முன்கையில் உராய்ந்து ஒரு கோடு, ரத்தம் இல்லை. "அப்பத்தா, சீனி என்னைக் கடிக்க வருது" என்று பையன் ஓடி வந்திருக்கிறான்.

நாயைத் தொடுவதற்கு முன் பையனின் கையைப் பார்த்தேன். மஞ்சள் அப்பியிருந்தார்கள். கழுவச் சொன்னேன்: சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். கீறலுக்கு மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. சீனிக்கு ஜனவரியில் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை வீட்டில் இருந்தது. இருந்தாலும் பையனை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். 0, 3, 7, 28-ஆம் நாட்கள் என்ற கணக்கில் ஊசி போடச் சொன்னார்கள், போட்டார்கள். சீனியைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்தோம். இதில் "நம்ம வீட்டு நாய்தானே" என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். இரண்டு வாரத்தில் என்னென்ன மாறியது? முதலில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாப்பாடு பாதியானது. திண்ணைக்கு ஒரே தாவலில் ஏறுபவள், முன்காலைப் படியில் வைத்துவிட்டு நின்று யோசிக்கிறாள். வளவில் குறுக்கே நடக்காமல் சுவர் ஓரமாகவே போகிறாள். கடைசி விஷயத்தை வேலை பார்க்கும் அக்காதான் சொன்னார்: "கல்லு வழுக்குதுன்னு நெனச்சேன் சார்." வழுக்கத்தான் செய்யும். ஆத்தங்குடிக் கல்லில், மூட்டு வலிக்கும் நாய்க்குக் காலை ஊன்றி நிற்கப் பிடிமானம் கிடைக்காது.

இந்த இடத்தில் என் தவறையும் பதிவு செய்ய வேண்டும். பத்து நாளுக்கு முன் ஆச்சி போனில், "சீனி சரியாச் சாப்பிட மாட்டேங்குது" என்று சொல்லியிருந்தார். வெயில்தான் ஆச்சி, தயிர்சாதம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோடையில் சாப்பிடாத நாயை நேரில் பார்க்காமல் வெயில் என்று முடிவு கட்டியது தவறு. அன்றே ரத்தம் எடுத்திருந்தால் பையனின் கையில் கோடு விழுந்திருக்காது.

இன்னும் இரண்டு விஷயம் நடந்திருந்தது. நாலு நாளுக்கு முன் நொண்டுவதைப் பார்த்த ஐயா, தன் முழங்கால் வலி மாத்திரையில் பாதியை நெய்யில் தோய்த்துக் கொடுத்திருக்கிறார். அன்பில் செய்ததுதான். ஆனால் மனிதர்களுக்கான வலி மாத்திரைகளில் பல நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறுநாள் மலம் கருப்பாக இருந்ததாக அக்கா சொன்னார், வயிற்றில் ரத்தம் கசிந்தால் அப்படி ஆகும். அடுத்தது, பையன் தொட்டபோது சீனி இரண்டு முறை உறுமியிருக்கிறாள். இரண்டாவது முறை ஐயா செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் அடித்தார். மூன்றாவது முறை உறுமல் இல்லை, நேராக வாய்தான்.

உறுமல் என்பது நாய் கொடுக்கும் அறிவிப்பு. தலையைத் திருப்புவது, நாக்கால் உதட்டை நக்குவது, உடம்பு விறைப்பது, அதற்கும் கேட்கவில்லை என்றால் உறுமல். உறுமியதற்கு அடித்தால் வலி போய்விடாது, அறிவிப்புதான் போய்விடும். ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை. எழுந்து போய்ப் பின்கட்டில் கட்டியிருந்த சங்கிலியை அவரே கழற்றிவிட்டு வந்தார்.

பரிசோதனையில் தெரிந்தது

காய்ச்சல் 103.8. நாய்க்கு 102.5 வரை சாதாரணம். ஈறு வெளிறியிருந்தது. பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெறி இலந்தைப்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்தபோது, வெள்ளை வயிற்றில் கொசு கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள். ஆச்சியின் விரலைப் பிடித்து ஒரு புள்ளியின் மேல் அழுத்தச் சொன்னேன். கொசுக்கடியாக இருந்தால் அழுத்தும்போது நிறம் மறையும். இது மறையவில்லை. தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் அது.

முன்கால் மணிக்கட்டை மெதுவாக மடக்கினேன். சீனி தலையைத் திருப்பினாள், உதட்டை நக்கினாள். இன்னும் கொஞ்சம் மடக்கியதும் உறுமினாள். "பாத்தீங்களா ஆச்சி, பேரன் கட்டிப்பிடிச்சப்போ இந்தக் கைதான் மடங்கியிருக்கும்" என்றேன்.

விரல் இடுக்கில் ஆறு உண்ணி, பழுப்புக் காதின் மடிப்பில் நான்கு. பழுப்பு நாய் உண்ணிதான், நம் ஊர் வீடுகளில் பரவலாக இருப்பது. இது பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாக் காய்ச்சலை வழக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். கிருமி வெள்ளணுக்களுக்குள் புகுந்து வாழும். பிளேட்லெட் குறையும், மூட்டு வீங்கும், சில நாய்களுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும், கண்ணும் பாதிக்கப்படும்.

கருப்பையில் சீழ் வைத்திருக்குமோ என்றும் பார்த்தேன், கருத்தடை செய்யாத பெண் நாய் என்பதால். கடைசியாகப் பருவத்துக்கு வந்தது ஜனவரியில். தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, கசிவும் இல்லை. அதைத் தள்ளிவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 38,000 வந்தது. நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். நாய் ரத்தத்தில் பிளேட்லெட் கட்டியாகச் சேர்ந்துகொண்டால் கருவி குறைத்துக் காட்டிவிடும். அதனால் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் எண்ணினேன். உண்மையிலேயே குறைவுதான். எர்லிக்கியா கிட் பரிசோதனையில் இரண்டு கோடும் வந்தது. ஹீமோகுளோபின் 8.1, 12-க்குக் கீழே போகக் கூடாது.

இந்த 8.1 எனக்கு உறுத்தியது. உண்ணிக் காய்ச்சல், கருப்பு மலம் என்று இரண்டு காரணம் இருந்தும் மூன்றாவதாகச் சாப்பாட்டைக் கேட்டேன். பேரன் வந்ததிலிருந்து தினமும் கோழிக் குழம்பு. மீந்ததைச் சோற்றில் பிசைந்து சீனிக்கு. செட்டிநாட்டுக் கோழிக் குழம்பில் சின்ன வெங்காயம் கைநிறைய விழும். அது போதாதென்று பூண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரே வேளையில் நிறையத் தின்றாலும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தின்றாலும் ஆபத்து. சீனியின் ரத்தக் குறைவில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றையும் நிறுத்துவதுதான் வழி.

மருந்து

டாக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 28 நாள். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கு. "பால்ல கரைச்சுக் குடுத்துரவா தம்பி?" என்று ஆச்சி கேட்டார். பால் வேண்டாம், மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு நடுவில் உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, உடனே தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகும்.

மூட்டு வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் பழக்கம் உண்டு. ஐயா கொடுத்த மாத்திரையால் வயிறு ஏற்கெனவே புண்ணாகியிருக்கலாம் என்பதால் அதைத் தொடவில்லை. வயிற்றுக்குப் பான்டோபிரசோல், வலிக்குக் கேபாபென்டின் நான்கு நாள், அவ்வளவுதான். அளவெல்லாம் சீனியின் எடைக்கும் நிலைமைக்கும் போட்டது. வேறு நாய்க்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம்.

சாப்பாட்டில் மசாலாவுக்கு முன் ஒரு பங்கை எடுத்து வைப்பது என்று ஏற்பாடு. வெங்காயம் வதக்குவதற்கு முன்பே கோழியில் கொஞ்சத்தைத் தனிச் சட்டியில் மஞ்சள் போட்டு வேக வைத்து, எலும்பு எடுத்து, சோறும் பூசணியும் சேர்த்து. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"இந்தக் காய்ச்சல் பிள்ளைக்கு ஒட்டுமா?" என்று மருமகள் கேட்டார். நாயிலிருந்து நேரடியாக ஒட்டாது, நடுவில் உண்ணி வேண்டும். ஆகவே உண்ணியைத் தேட வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு தேடல்

நாயின் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கும். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி, மூன்று முறை இறங்கும். குஞ்சாக ரத்தம் குடித்து இறங்கி, இடுக்கில் ஒளிந்து தோலுரித்து, மறுபடி ஏறும். முதிர்ந்த பெண் உண்ணி இறங்கியதும் மேலே மேலே ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெயில் காலத்தில் இந்தச் சுற்று இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். வெறும் வயிற்றோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர் உண்ணிக்கு ஆகாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, முகம் பார்க்கலாம் போல வழவழப்பு, விரிசலே இருக்காது. அதனால் "எங்க வீட்ல உண்ணி இருக்க வாய்ப்பில்ல" என்றார் ஐயா. டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் தேடினோம். சீனி படுக்கும் தூணுக்கு வந்தோம். தேக்குத் தூண் கல் பீடத்தில் உட்காரும் இடத்தில், ஒரு நூல் பருமனுக்குச் சந்து. அதில் தென்னை ஈர்க்குச்சியை விட்டு இழுத்தேன். கடுகு போலச் சிறியது மூன்று, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பியது ஒன்று. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அதற்கு அப்புறம் தேடுவதில் அவர்தான் முன்னால் போனார். நிலைக்கதவின் அடி, ஊஞ்சல் பலகையின் பின்பக்கம், சீனி படுக்கும் கோணிச்சாக்கின் மடிப்பு, விட்டத்தின் மூலை, எல்லாவற்றிலும் இருந்தது.

பெரிய சிக்கல் வேறு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குச் சொந்தம். சிலருக்குச் சென்னை, சிலருக்குக் கோயம்புத்தூர், ஒருவர் மலேசியாவில். அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பின்கட்டு மதில் இடிந்த இடம் வழியாகத் தெருநாய்கள் வந்து அந்த அறைகளின் வாசலில் படுக்கின்றன. இதுபோன்ற வீடுகளில் உண்ணி ஏன் தீரவே மாட்டேன் என்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பங்கில் மட்டும் மருந்தடித்தால் மற்ற பங்கிலிருந்து திரும்ப வரும்.

ஐயா ஒவ்வொரு பங்காளிக்கும் போன் போட்டார். நான்கு அறைச் சாவிகள் வந்தன. கோணிகளை எரித்தார்கள். சந்துகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார்கள். பூச்சி மருந்து அடிப்பவரை வரவழைத்து, அன்றைக்கு முழுக்க சீனியையும் பையனையும் பக்கத்து வீட்டில் இருக்க வைத்து, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை அடித்தோம். இரண்டாவது முறை அவசியம், முட்டை முதல் மருந்துக்குச் சாகாது. சீனிக்கு மாதம் ஒரு அபாக்சோலனர் மாத்திரை. கடிக்கும் உண்ணி ரத்தத்தோடு மருந்தையும் குடித்துச் சாகும். நாய் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரலும் கெடும். தயவுசெய்து செய்யாதீர்கள். உண்ணியை விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும்.

பேரனும் சீனியும்

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் பிளேட்லெட் 96,000. ஒன்பதாம் நாள் காலை அக்கா போன் செய்தார்: "சார், திண்ணைல ஏறி உக்காந்திருக்கு." பதினான்காம் நாள் 1.7 லட்சம், இருபத்தெட்டாம் நாள் 2.4 லட்சம், ஹீமோகுளோபின் 11.6. பத்து நாள் கண்காணிப்பும் நல்லபடியாக முடிந்தது.

அந்த நாட்களில் பையன் தங்கவே கூடாது என்று மருமகள் சொன்னார். அவர் பயம் நியாயமானது. அதனால் முதல் பத்து நாள் இருவருக்கும் நடுவில் முகப்புக் கதவு. பையனுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சீனி எத்தனை முறை உதட்டை நக்குகிறாள், எத்தனை முறை கொட்டாவி விடுகிறாள் என்று நோட்டில் கோடு போட வேண்டும். இரண்டு நாளில் என்னைவிட நன்றாகப் பார்த்தான். "அப்பத்தா, நீங்க பாத்திரத்தைக் கீழ போட்டப்போ நக்குச்சு" என்று கணக்குச் சொன்னான்.

பதினோராம் நாள் கதவைத் திறந்தோம். சட்டம் எளிது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக் கூடாது. கழுத்தைக் கட்டக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பட்டாலை என்ற உள்கூடத்தின் கிழக்கு மூலை சீனியுடையது, அங்கே யாரும் போகக் கூடாது, ஐயா உட்பட. கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வேண்டுமென்றால் அவள் வருவாள். முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. பையன் அழுதான். மூன்றாம் நாள் மாலை, முற்றத்தில் தண்ணீர் தெளித்துக் குளிர்ந்திருந்த நேரம், சீனி வந்து அவன் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி முதுகைக் காட்டிப் படுத்தாள். முதுகைக் காட்டுவது நம்பிக்கை என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் தொடவில்லை.

இப்போது

செப்டம்பரில் பிளேட்லெட்டை மறுபடி பார்த்துவிட்டுக் கருத்தடை அறுவை செய்தோம். தையல் பிரிக்கும்வரை அவள் மூலையில் அக்காதான் காவல். எர்லிக்கியா கிட் இன்னும் இரண்டு கோடு காட்டுகிறது. அது எதிர்ப்புச் சக்தியின் தடம், பல மாதம் நிற்கும். அதை வைத்து நோய் இருக்கிறது என்று மறுபடி மருந்து கொடுக்கக் கூடாது. கிருமி உடம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழும் வாய்ப்பும் உண்டு என்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்கிறேன். போன முறை 2.6 லட்சம்.

மலேசியாக்காரரின் மேற்கு அறை மட்டும் இன்னும் திறக்கவில்லை. சாவி அவரிடம் இருக்கிறது, சித்திரையில் கோயிலுக்கு வரும்போது தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தக் கதவின் அடிச்சந்தைச் சுண்ணாம்பால் அடைத்து வைத்திருக்கிறோம். மாதாமாதம் மாத்திரை கொடுக்கிற அன்று, ஐயா டார்ச்சையும் ஈர்க்குச்சியையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குனிந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.